முன் சீட்டு

வீடு வீடாகப் போய்ப் பெண்களின் நோவைக் கேட்டறிகிற எங்கள் வேலைக்கு இப்போது வந்திருக்கும் பிள்ளைகள் பெரிய போன் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். பெயர் என்ன, என்ன வேலை, வயிறு உப்புசம் உண்டா, ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடுகிறதா என்று கேட்டுக் கேட்டு விரலால் தொட்டுக்கொண்டே போகிறார்கள். போன வாரம் அதில் ஒரு பிள்ளை, திவ்யா என்று பெயர், என் வீட்டுக்கு வந்து சோர்ந்துபோய் உட்கார்ந்தாள்.

“பாட்டி, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்றாங்க. கடைசிக் கேள்விக்கு மட்டும் வாயே திறக்க மாட்டேங்கிறாங்க.”

“என்ன கேள்வி?”

“ஆஸ்பத்திரிக்கு ஏன் முந்தியே போகலன்னு. பயம், தூரம், வசதியில்ல, தெரியாதுன்னு நாலு பதில் இருக்கு. எல்லாரும் தெரியாதுங்கிறாங்க.”

“மூஞ்சிக்கு நேரா கேட்டியா?”

“ஆமா.”

“அடிக்காம விட்டாங்களே, அதுவே பெரிசு.”

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடத்தைத் தொந்தரவு செய்ததில்லை. ஆகையால் நான் பேசப் பேச என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைத் துவைத்து மடித்துத்தான் எழுதுகிறாள். சாயம் போயிருந்தால் அவளைக் கேளுங்கள்.

பாவாடை தாவணிக் காலத்திலிருந்து மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுத்தேன். முதுகு போனபிறகு போடியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தேன். பயிற்சி என்றால், முதல் நாள் கையில் ஒரு வாளியைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். மிச்சத்தைப் பிள்ளை பெற வந்தவர்களே கற்றுக்கொடுத்தார்கள். அங்கேதான் டாக்டர் பரீதா வந்து, மலைக்கு வேலைக்குப் போகும் பெண்களைத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார். நர்சம்மா என்னைக் காட்டி, “இவளுக்கு வாய் அதிகம், ஆனா எல்லா ஊர்லயும் இவளுக்கு ஒரு மதினி இருப்பா” என்றாள். நான் வாங்கிய ஒரே சான்றிதழ் அதுதான்.

டாக்டரம்மாவும் போடிக்காரர்தான். அவருடைய அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார், ஏலக்காய் வியாபாரம். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே, சினைப்பையில் வரும் புற்றுநோயைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். என்னிடம் முதல் நாள் இப்படிச் சொன்னார்.

“எங்க சின்னம்மாவுக்கு இந்த நோய் வந்துச்சு, செல்லத்தாயிக்கா. வயிறு ஒரு மாதிரி இருக்குன்னு வெள்ளிக்கிழமை சொன்னாங்க. திங்கக்கிழமை ஸ்கேன் எடுத்தாச்சு. இன்னைக்கும் எங்க எல்லாரையும் திட்டிக்கிட்டு நல்லாத்தான் இருக்காங்க. எங்க கடைக்கு வர்ற காயை எடுத்த பொம்பளைக்கு அதே நோய் வந்தா, வயிறு பானையானப்புறந்தான் வர்றாங்க. நோய் ஒண்ணுதான். ஆளுக்கு ஆள் ஏன் மாறுது? அதைத்தான் பாக்கணும்.”

“எல்லாம் காசுதாம்மா.”

“காசுந்தான். அது மட்டும்னா நான் வீட்டுலயே உக்காந்து எழுதிருவேனே, உங்கள எதுக்கு ஜீப்புல ஏத்துறேன்?”

அப்படித்தான் நாங்கள் சுற்ற ஆரம்பித்தோம். போடியில் கடைக்காரர் வீடுகள், சிலமலைப் பக்கமிருந்து விடியும் முன்னே ஜீப்பில் மலைக்குப் போய்த் திரும்பும் பெண்கள், மேலே கேரளப் பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள், குரங்கணிக்கு மேலே இருக்கும் மலைக்குடிகள்.

ஒவ்வோர் இடத்திலும் ஒரு கதை. லைன் வீட்டுப் பெண்களுக்கு அருகில் இருக்கும் ஆஸ்பத்திரியில் மலையாளம்தான். திட்டு வாங்குவதற்கு வேண்டிய மலையாளம் எல்லோருக்கும் தெரியும். அடிவயிற்றைப் பற்றிச் சொல்வதற்கு வேண்டிய மலையாளம் யாருக்கும் தெரியாது. தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஜீப்பில் போய்வரும் பெண்களோ கீழே இறங்குவதற்குள் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் ஜன்னல் சாத்தியிருக்கும். மலைக்குடியில் அவர்களாகக் கூப்பிடும்வரை டாக்டரம்மா வெளியே ஒரு பாறையில் உட்கார்ந்திருப்பார். பல முறை அப்படியே திரும்பியிருக்கிறோம். கடைசியில் ஒரு பெண்மணி வந்து, “அங்க கூட்டிட்டுப் போனா எங்கள யாரு தொட்டுப் பாப்பாங்க, ஆம்பளையா பொம்பளையா?” என்று கேட்டார். நாங்கள் கேட்டதற்கெல்லாம் அது ஒன்றுதான் பதில். டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

டாக்டரம்மாவின் பழக்கம் ஒன்று உண்டு. வீட்டுக்குள் நுழையும் முன் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். தரையில் உட்காருவார். பெண்கள் பேசும்போது பேனாவை வெளியே எடுக்கமாட்டார். தெருமுனைக்கு வந்து, ஜீப்பின் பானெட்டில் வைத்துத்தான் எழுதுவார். எது கொடுத்தாலும் குடிப்பார். ஒரு வீட்டில் சீனிக்குப் பதில் உப்புப் போட்ட காப்பியைக்கூட முழுசாகக் குடித்துவிட்டு, எனக்கும் கண்ணைக் காட்டிக் குடிக்க வைத்தார். அந்தப் பாவத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒன்றே ஒன்றில்தான் அவர் கறார்.

“ஏன் முந்தி வரலன்னு மட்டும் யாரையும் கேக்கக் கூடாது. கேட்டா அவங்க மேல குத்தம் சொல்ற மாதிரி. அதைக் கண்டுபிடிக்கிறது நம்ம சோலி. அவங்க சோலி இல்ல.”

சிலமலையில் முருகாயி என்று ஒருத்தி. ஒரு ஜீப்பு நிறைய ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவள். யார் எங்கே உட்கார வேண்டும், யார் யாரோடு ஒரே வரிசையில் நிரை பிடித்துக் காய் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். ஐப்பசியில் ஒரு சாயங்காலம், ஜீப்பு வந்து நின்றதும், அவளுடைய ஆட்களைக் கோயில் பக்கம் உட்கார வைத்தோம். டாக்டரம்மா பச்சை ஏலக்காய் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“சினைப்பைங்கிறது இதவிடக் கொஞ்சம் பெருசு. கர்ப்பப்பைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு இருக்கும். அதுல கோளாறு வந்தா மொதல்ல வலிக்காது. வயிறு ஊதும், சோறு இறங்காது, அடிக்கடி ஒண்ணுக்கு வரும். உங்கள்ல யாருக்காவது அப்படி இருக்கா?”

“எங்க யாருக்கும் சோறு எறங்காம இல்லம்மா” என்றாள் முருகாயி, எல்லோருக்கும் சேர்த்து. “கெடைக்காமத்தான் இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஜீப்பில் போகிறவர்களை நான் பெயர் பெயராகக் கேட்டேன். “பேச்சியம்மா எங்க?”

“அவ ஊர்ல இல்ல. அக்கா வீட்டுக்குப் போயிருக்கா.”

கோயிலுக்கு வரும் வழியில்தான் பேச்சியம்மாவைக் குழாயடியில் பார்த்திருந்தேன். பாதிக் குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு, தூக்கலாமா வேண்டாமா என்று நின்றிருந்தாள். பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை முருகாயி. ஆனால் காரணமில்லாமல் சொல்லமாட்டாள்.

மறுநாள் விடிகாலையில் நானும் அந்த ஜீப்பில் ஏறினேன். பழைய ஆள் என்பதால் இடுக்கிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து ஜீப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் ஆளை ஆள் மடியில் வைத்துக்கொண்டு போவோம். குண்டும் குழியும் முதுகெலும்பை எண்ணிவிடும். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு மட்டும் மாசமாக இருக்கிற பெண்ணுக்கு. அப்படி யாரும் இல்லையென்றால்தான் வேறு ஆள். கங்காணியே வந்தாலும் பின்னால்தான் தொங்க வேண்டும்.

அன்றைக்கு முன் சீட்டில் பேச்சியம்மா உட்கார்ந்திருந்தாள். புருஷன் செத்துப் பல வருஷமானவள். நாற்பதைத் தாண்டியவள். ஒரே மகள் காளீஸ்வரிக்கு அப்போதுதான் பரிசம் போட்டிருந்தார்கள்.

தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே உருவம். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, அதற்கு மேல் மழைக்குப் பிளாஸ்டிக் படுதா, இடுப்பில் காய் போடுகிற பை. யார் மெலிந்தாள், யார் பெருத்தாள் என்று ரத்தம் குடிக்கிற அட்டைக்குத்தான் தெரியும். பேச்சியம்மா செடிக்கு அடியில் உட்கார்ந்தவள் மெதுவாகத்தான் எடுத்தாள். கடந்து போகிறவளெல்லாம் ஒரு கை காயை அவள் பையில் போட்டுவிட்டுப் போனாள். ஒருத்தி உப்புப் போட்ட மாங்காய்க் கீற்றை நீட்டினாள். அவள் வாங்கி வைத்துக்கொண்டாள், தின்னவில்லை. மத்தியானம் ரெண்டு வாய்க்கு மேல் சாப்பிடாமல் தூக்குப்போணியை மூடிவிட்டாள். அடிக்கடி எழுந்து செடி மறைவுக்குப் போய்வந்தாள்.

நான் முருகாயி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்னடி, மகராணிய முன்னால ஏத்தி வச்சிருக்க? அக்கா வீட்லருந்து வெரசா வந்துட்டாபோல?”

“மதினி, உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போடு.” சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னாள். “மாசமா இருக்கா.”

“யாருடி ஆளு?”

“நாங்க கேக்கல. நீயும் கேக்காத. தாலியறுத்தவ வயித்துல புள்ளைன்னு வெளிய தெரிஞ்சா, காளீஸ்வரிக்குப் போட்ட பரிசத்த திருப்பிருவாங்க. ஆடியிலருந்து பொத்திப் பொத்தி வச்சிருக்கோம். மேல லைன்ல புள்ளையில்லாதவ ஒருத்தி இருக்கா, வளக்கிறேன்னுட்டா. பழைய சேல வேட்டியெல்லாம் வெந்நீர்ல அலசி மூட்டை கட்டி வச்சாச்சு.”

“பேச்சி என்ன சொல்றா?”

“அவகிட்ட யாரு பேசினா? அவளும் சொல்லல, நாங்களும் கேக்கல. எங்களுக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியும். போதாதா?”

என் தலைமேல் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு செய்தேன். அந்தப் பெண்களை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. சாயங்காலம் போடிக்கு வந்ததும் சத்தியத்தை டாக்டரம்மா அறைக்கு வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். எப்பேர்ப்பட்ட கூட்டம் பாருங்கம்மா என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

டாக்டரம்மா டீ கிளாசைக் கீழே வைத்தார்.

“முகம் எப்படியிருக்கு?”

“எந்த முகம்?”

“பேச்சியம்மா முகம். நீங்க ஆயாவா இருந்தவங்க. நிறைமாசக்காரி முகமா அது?”

நான் யோசித்தேன். கன்னம் ஒட்டியிருந்தது. சட்டைக் கைக்குள் முழங்கை குச்சியாகத் துருத்திக்கொண்டிருந்தது. வயிற்றைத் தவிர உடம்பு முழுக்க வற்றியிருந்தது.

“புள்ளை அசையுதுன்னு யாராவது தொட்டுப் பாத்தாங்களா?”

“தொட்டா அவ கூச்சப்படுவான்னு யாரும் தொடலையாம்.”

டாக்டரம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். “விடிஞ்சதும் அவ ஜீப்பு ஏறுறதுக்குள்ள போயிரணும்” என்றார்.

மறுநாள் பேச்சியம்மாவை வேலைக்குப் போகவிடாமல் முந்திக்கொண்டு போனோம். காளீஸ்வரியைப் பால் வாங்கக் கடைக்கு அனுப்பினேன். டாக்டரம்மா கடிகாரத்தைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். “உன் வயித்த நான் தொட்டுப் பாக்கலாமாம்மா?” என்று கேட்டார். பேச்சியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு படுத்தாள்.

ஒரு பக்கம் உள்ளங்கையை வைத்து, மறுபக்கம் விரலால் தட்டினார். அவளைப் புரளச் சொல்லி மறுபடியும் தட்டினார். பிரசவ வார்டில் எத்தனையோ வயிற்றை நான் தொட்டிருக்கிறேன். அந்த வயிற்றுக்குள் புரண்டது பிள்ளை இல்லை, தண்ணீர்.

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதான” என்றாள் பேச்சியம்மா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

“என்ன தெரியும்?” என்றேன்.

“எனக்குக் கெட்ட நோவுன்னு. முன் சீட்டுல ஏத்துறாக. அவுக காயை எம் பையில போடுறாக. ஒருத்தியாவது என்னடி உனக்குன்னு கேக்கல. அப்பவே நெனச்சேன் மதினி, இது பொழைக்கிற நோவா இருந்தா கேட்டிருப்பாகளேன்னு.”

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

“அடியே, நீ மாசமா இருக்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்காளுகடி.”

பேச்சியம்மா எழுந்து உட்கார்ந்தாள். ஒரு கணம் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வயிற்றை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். “அதுக்கா மாங்கா? அதுக்கா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அது எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

மதுரைக்கு உடனே வரவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அவள் மாட்டேன் என்றாள்.

“இப்ப மதுரைக்குப் போனா, கலைக்கப் போயிட்டான்னுதான் நெனப்பாக. தையில எம்மக கல்யாணம். அது முடியட்டும்மா.”

“அந்தக் கல்யாணத்துல நீ உக்காந்திருக்கணும்னா இப்பக் கிளம்பணும்.” டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. “முடிவு உன்னோடதுதான். நாங்க யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டோம். நீ சொல்லச் சொன்னா மட்டும் சொல்றோம்.”

பேச்சியம்மா வெகுநேரம் பாயின் கோரையை நிமிண்டிக்கொண்டிருந்தாள். காளீஸ்வரி பாலோடு வந்து வாசலில் நின்றாள். மகளைப் பார்த்ததும் பேச்சியம்மா சொன்னாள்: “நீங்க சொல்ல வேணாம். நானே சொல்லிக்கிறேன்.”

மறுநாள் ஜீப்படியில் எல்லோரும் ஏறிவிட்டார்கள். முன் சீட்டு காலியாக இருந்தது. பேச்சியம்மா ஏறாமல் முருகாயி முன்னால் போய் நின்றாள். அவள் கையைப் பிடித்து, தன் சட்டைக்குள் விட்டு, வயிற்றில் வைத்தாள்.

“நீ நாலு பெத்தவ. புள்ள இருக்கா பாரு.”

“ஏய், என்னடி இது, ரோட்டுல நின்னுக்கிட்டு…”

“பாரு.”

முருகாயியின் கை முதலில் கூசிக்கொண்டு நின்றது. பிறகு மெல்ல மெல்ல நகர்ந்தது. தலை இருக்கிறதா, கால் இருக்கிறதா என்று தேடியது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போயிற்று, திரும்ப வந்தது. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். முருகாயியின் முகம் மாறுவதை ஜீப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அடிப்பாவி… ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடி.”

“நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லக்கா.”

முருகாயி அவளைப் பிடித்து முன் சீட்டில் ஏற்றினாள். டிரைவரிடம், “வண்டிய போடிக்கு விடு, அண்ணே. ரயிலடிக்கு” என்றாள். அன்றைக்கு அந்த ஜீப்பு மலை ஏறவில்லை. கூலி போகட்டும் என்று அத்தனை பேரும் மதுரைக்கு ரயில் ஏறினார்கள். பெட்டிக்குள் ஏலக்காய் வாசனையும் அழுகையுமாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கும் முருகாயிதான் நேரே போய், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் தண்ணீரை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். அதன்பிறகு ஆபரேஷன். நோய் சினைப்பையைத் தாண்டி வயிற்றுக்குள் பரவியிருந்தது. டாக்டரம்மா எங்களை ஓரமாக உட்காரவைத்து, எதையும் மறைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். முருகாயிதான் வாயைத் திறந்தாள்.

“ஆடியிலயே நாங்க கொண்டாந்திருந்தா?”

யாரையும் கேட்கக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிவைத்த கேள்வி, டாக்டரம்மாவிடமே வந்து நின்றது. எல்லாம் படித்தவர். பதில் தெரியாமல் இருக்காது. முருகாயியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“இப்பக் கொண்டாந்துட்டீங்க. அவ தனியா வரல. எங்க வார்டுக்குத் தனியா வர்ற பொம்பளைகளத்தான் நான் நெறையாப் பாத்திருக்கேன்.”

முருகாயி அடுத்த நாள் ஊருக்குப் போய்விட்டு ஒரு துணி மூட்டையோடு வந்தாள். வார்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பேச்சியம்மா கட்டிலில் இருந்தபடி பார்த்துவிட்டாள்.

“என்னக்கா அது?”

“பழைய துணிடி. மெத்துனு இருக்கும். ஆஸ்பத்திரித் துணி ஒனக்கு உறுத்துதுன்னு காளீஸ்வரி சொன்னா.”

“யாருக்குச் சேத்த துணி?”

முருகாயி மூட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“கொண்டா” என்றாள் பேச்சியம்மா. “வரப்போற புள்ள நாந்தான.”

வெந்நீரில் அலசி அலசி மென்மையான அந்த வேட்டித் துண்டுகளை அவள் தலைக்கு அடியிலும், தையல் போட்ட வயிற்றின் மேலும் நாங்கள் விரித்தோம். முருகாயி வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். நான் அன்றைக்கு ஒரு கேலியும் செய்யவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

தை மாதம் காளீஸ்வரி கல்யாணம் நடந்தது. மருந்தில் முடி கொட்டியிருந்ததால் பேச்சியம்மா முந்தானையைத் தலையோடு போட்டிருந்தாள். தாலி அறுத்தவள் என்று தூண் மறைவில் உட்காரப் போனவளை, முருகாயி இழுத்துவந்து மணவறைக்கு நேராக உட்காரவைத்தாள். “எங்க ஜீப்புல ஒனக்கு எந்த எடம்? அதே எடந்தான் இங்கயும்” என்றாள். மாப்பிள்ளையின் அம்மாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வருஷம் காய் எடுப்பு தொடங்கும் சமயத்தில் பேச்சியம்மா போய்விட்டாள். டாக்டரம்மா வந்து, நாள் முழுக்க எங்களோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப்பிறகு எங்கள் வேலை மாறியது. ஆளாளாகக் கேட்பதை டாக்டரம்மா குறைத்துக்கொண்டார். ஜீப்பு ஜீப்பாகப் போய் உட்கார்ந்து, எல்லோருக்கும் முன்னால் பேச ஆரம்பித்தோம். ஒருத்தி உடம்பைப் பற்றி முதலில் தெரிந்துகொள்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்து காய் எடுக்கிறவள்தான், அவளைத்தான் முதலில் பேசவைக்க வேண்டும் என்றார். பேச்சியம்மா கதையை அவள் பேரோடு சொல்லலாம் என்று அவளே எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். முழங்கால் மடங்காமல் போகும்வரை அதைச் சொல்லிச் சொல்லியே ஜீப்பு ஜீப்பாக ஏறி இறங்கினேன்.

இதையெல்லாம் கேட்ட திவ்யா, போனைப் பார்த்துக்கொண்டு, “இதுக்கு நாலு பதில்ல எதைத் தொடுறது, பாட்டி?” என்றாள்.

அவளை மறுநாள் விடியும் முன்னே சிலமலை ஜீப்படிக்குக் கூட்டிப்போனேன். முருகாயிக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை இன்னும் அவள்தான் சொல்கிறாள். சின்ன வயசுக்காரி ஒருத்தி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு முன் சீட்டுப் பக்கம் போனாள். முருகாயி கையைக் குறுக்கே நீட்டி மறித்தாள்.

“புள்ளையா, நோவா? சொல்லிட்டு ஏறு.”

அவள் சொன்னாள். ஜீப்பில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.